மீட்டருக்கு ஒரு கேம், தாசுக்கு ஒரு கேம்

யூசுஃப் பாய் வண்டிக்கு நான் முதலில் போட்ட கேம்ஷாஃப்ட்டில் ஒரு பிழையும் கிடையாது. அதன் வரைபடம் இன்னும் டிசைன் அறை அலமாரியில்தான் இருக்கிறது. எடுத்து எப்படி வேண்டுமானாலும் சோதித்துப் பாருங்கள். எஞ்சின் வால்வை அது திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கும், உயர்த்த வேண்டிய அளவு உயர்த்தும். ஆனாலும் இத்தனை வருஷத்தில் நான் செய்த பெரிய தப்பு எது என்று கேட்டால் அந்தக் கேமைத்தான் காட்டுவேன். நீங்கள் மூன்று பேரும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

எண்ணூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் கேம் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். அங்கே ஒரு கேம் வரைந்தால் அது ஆயிரக்கணக்கான வண்டிகளுக்குப் போகும். ஓட்டுகிறவர் யார் என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்தப் பழக்கத்தோடுதான் காலடிப்பேட்டையில் இருக்கும் நம்முடைய இந்தச் சின்னப் பட்டறைக்கு வந்தேன். இங்கே ஒரு கேம் ஒரே ஒரு வண்டிக்கு. வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

யூசுஃப் பாய்க்கு வண்ணாரப்பேட்டையில் ஹார்டுவேர் கடை. பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். அவருடைய அத்தா அந்தக் காலத்தில் சோழவரத்தில் ரேஸ் ஓட்டியவர். அவர் ஓட்டிய முந்நூற்றைம்பது சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி கடை மாடியில் சாக்கு போர்த்திக் கிடந்தது. பழைய வண்டிகளுக்கென்று தனியாகப் போட்டி நடப்பது தெரிந்ததும் பாய் அதை ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு நம் பட்டறை வாசலில் வந்து இறங்கினார்.

அவர் கேட்டது ஒன்றுதான். "அக்கா, மீட்டர்ல நம்பர் ஏறணும். நம்ம கடைக்கு வர்றவன்லாம் பாத்து வாயப் பொளக்கணும்." எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோவைத்தான் அவர் மீட்டர் என்பார்.

வண்டியை ஓட்டப் போகிறவர் தாஸ். கொருக்குப்பேட்டைக்காரர், முப்பத்தெட்டு வயது. ஹார்பரில் லாஷிங் வேலை, அதாவது கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் ஆடாதபடி இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டும் வேலை. பதினைந்து வருஷமாக யார் யாருடைய வண்டியிலோ ரேஸ் ஓட்டியிருக்கிறார். சொந்த வண்டி கிடையாது. ஒரு வார்த்தையில் முடியும் இடத்தில் இரண்டு வார்த்தை பேசாத மனிதர். எஞ்சின் எப்படி இருக்க வேண்டும் என்று அவரிடமும் கேட்டேன்.

"நீ இன்னா குடுக்கிறியோ அத்த ஓட்டிக்கிறேன்க்கா" என்றார்.

எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. குறுக்கே பேசாத ஆள், நம் இஷ்டத்துக்கு வரையலாம். இப்போதென்றால் அந்தப் பதிலைக் கேட்டு பயந்திருப்பேன். தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லாதவரிடம், வெளியில் சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தப்பாது.

கணக்குகளை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் போட்டால் எஞ்சின் உச்ச வேகத்தில் நன்றாக மூச்சு வாங்கும், பெரிய எண் காட்டும். ஆனால் கீழ் வேகத்தில் இருமும், தடுமாறும். ஓட்டுகிறவர் அடிக்கடி கியர் மாற்றி எஞ்சினை உச்சத்திலேயே வைத்திருக்க வேண்டும். ரேஸ் ஓட்டுகிறவர்கள் அதைத்தானே செய்வார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கேமின் வடிவத்தைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருளும் அதைத்தான் எடுத்துக்கொண்டது. நாங்கள் இருவரும் ஒரே மாதிரி யோசித்தோம். வரைந்து முடித்ததும் நம் கோபால் கிரைண்டிங் செய்து கொடுத்தார். அவர் கைவேலையைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

டைனோவில் முப்பத்திநான்கு குதிரைசக்தி வந்தது. அந்த எஞ்சினில் யாரும் எதிர்பார்க்காத எண். யூசுஃப் பாய் பட்டறையில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிப் போட்டார். டைனோ தாளைச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே அத்தாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

முதல் போட்டியில் பத்தொன்பது வண்டிகள் ஓடின. நாங்கள் பதினாறாவதாக வந்தோம்.

நேர்பாதையில் வண்டி அம்பு மாதிரி போனது. வளைவு வந்தால் செத்துப் போனது. வளைவிலிருந்து வெளியே வரும்போது இருமிக்கொண்டே எழுந்து வரும். அதற்குள் நான்கு பேர் தாண்டிப் போயிருப்பார்கள். தாஸ் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் வண்டியில் என்ன குறை என்று கேட்டேன். "வண்டி நல்லாத்தான் கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றாமலே தண்ணீர் குடிக்கப் போனார்.

திரும்பி வந்து எஞ்சினைப் பிரித்து, கேமை வெளியே எடுத்து மூன்று நாள் அளந்தோம். டயல் கேஜை வைத்து ஒவ்வொரு டிகிரியாகப் பார்த்தோம். கோபால் அரைத்தது மயிரிழைகூட விலகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன். வண்டி தோற்றதைவிட, என் கேம் சரி என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. யூசுஃப் பாய் போன் செய்தபோது கேமில் ஒரு குறையும் இல்லை, மற்றது ஓட்டுகிறவரைப் பொறுத்தது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் பாய் மறுபடி கூப்பிட்டார். நான் சொன்னதை யோசித்தாராம், சரியாகத்தான் பட்டதாம். அண்ணா நகரில் ஒரு நல்ல ரைடர் இருக்கிறார், அடுத்த போட்டியிலும் தாஸ் இப்படியே ஓட்டினால் அவரைப் போட்டுவிடலாம் என்றார். அடுத்த போட்டிக்கு நான்கு வாரம் இருந்தது.

போனை வைத்த பிறகு வேலை ஓடவில்லை. என் வாயிலிருந்து வந்த அரை வாக்கியம் ஒரு மனிதரின் இடத்தைப் பறிக்கப் போகிறது. அந்த வாக்கியம் உண்மையா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் கேமைத்தான் அளந்தேன், தாசை அளக்கவில்லை.

அந்த வாரமே ஒரு நாள், தாசின் ஷிஃப்ட் முடியும் நேரம் பார்த்து ஹார்பர் பக்கம் போனேன். வண்டியைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். மதியம் சாப்பிடவில்லை, சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்றார். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடைகள் அப்போதுதான் திறந்திருந்தன. ஆளுக்கொரு தட்டு வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றோம்.

தாஸ் தட்டை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கையால் சாப்பிட்டார். கடைக்காரர் வாழைத்தண்டு சூப் கிண்ணத்தை நீட்டினார். நீங்களோ நானோ என்றால் தட்டின் விளிம்பை இடது கை விரல்களால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கிண்ணத்தை வாங்கிக்கொள்வோம். தாஸ் தட்டைக் கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வந்து கிண்ணத்தை வாங்கினார். சூப்பைக் குடித்துவிட்டுப் போய்த் தட்டை எடுத்தார். முட்டை வந்தது. மறுபடியும் தட்டு சுவருக்குப் போனது.

மூன்றாவது தடவை நான் அவர் இடது கையைப் பார்த்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு இருந்தன.

"தாசு, இந்தக் கை எவ்ளோ நாளா இப்டி?"

அவர் சட்டென்று கையைப் பின்னால் கொண்டுபோனார். பிறகு, இனி மறைத்துப் பயனில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், முன்னால் நீட்டினார்.

"ரெண்டு வருஷம் ஆவுது. கம்பி சறுக்கி அடிச்சிச்சு. இந்த ரெண்டும் மடங்காது. கிளட்ச்ச மீதி ரெண்டு வெரலாலதான் இய்க்கிறேன். மூணு ரவுண்டு தாங்கும். அப்பால பலமே இருக்காது."

எனக்குள் எல்லாம் வரிசையாக வந்து பொருந்தியது. அந்தப் பழைய கியர்பாக்ஸில் கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றினால் பல் நொறுங்கிவிடும். அதனால் மற்றவர்கள் இரண்டாம் கியருக்கு இறங்கும் வளைவுகளில் இவர் மூன்றாம் கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எஞ்சின் கீழ் வேகத்துக்கு விழுந்திருக்கிறது. அங்கே என் அருமைக் கேம் இருமிக்கொண்டு நின்றிருக்கிறது.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா யாருக்கா வண்டி குடுப்பா?"

அவர் ஓட்டுவது ஆபத்தா என்பதை மட்டும் குடைந்து குடைந்து கேட்டேன். பிரேக் வலது கையிலும் காலிலும் இருந்தது, அதில் குறையில்லை. டாக்டர் பார்த்து வேலைக்கு அனுமதித்திருந்தார், அதே கையால்தான் தினமும் கம்பி இழுக்கிறார். மறுநாள் பட்டறைக்கு வரவழைத்து, நிற்கும் வண்டியில் கிளட்ச்சை விடாமல் இழுக்கச் சொல்லி எண்ணினேன். ஒரு ரவுண்டுக்கு ஐந்து தடவைக்குள் இருந்தால் ரேஸின் எட்டு ரவுண்டும் தாங்கும் என்று தெரிந்தது. என் கேமுக்கு ஒரு ரவுண்டுக்குப் பதினோரு தடவை வேண்டும்.

ஆனால் உண்மையான டிசைன் அந்த அத்தோ கடையிலேயே முடிந்துவிட்டது. கடைக்காரரிடம் பார்சல் கட்டும் தாள் ஒன்று வாங்கி, பேனாவைக் கொடுத்து, ரேஸ் தளத்தை வரையச் சொன்னேன். முடிந்த அளவு குறைவாகக் கியர் மாற்றுவதாக இருந்தால் எங்கெங்கே மாற்றுவாய், மற்ற வளைவுகளில் எஞ்சின் எவ்வளவு வேகத்துக்கு இறங்கும் என்று கேட்டேன். அவ்வளவு நாள் பேசாதிருந்த மனிதர் முக்கால் மணி நேரம் பேசினார். எனக்குக் கை ஓயும் அளவுக்குக் குறித்துக்கொண்டேன். எண் தெரியாத இடத்தில் எஞ்சின் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். அத்தோ வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளைப் போல ஒரு தகவல் அதற்கு முன்னால் எனக்குக் கிடைத்ததே இல்லை.

கிளம்பும்போது தாஸ் இதை பாயிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்ல மாட்டேன், ஆனால் ரேஸ் முடிந்த அன்றைக்கே நீயே சொல்லிவிட வேண்டும், நடுவில் கை ஓய்ந்தால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார். முன்னாடியே சொல்ல வைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

இரண்டாவது கேமை மூன்று வாரத்தில் போட்டோம். மென்பொருளிடம் அதிக சக்தி கேட்காமல், தாள் சொன்ன வேகங்களில் தடுமாறாத இழுவையைக் கேட்டேன். அதுவும் மறுக்காமல் கொடுத்தது. நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் அது கொடுக்கும், அதில் அதன் தப்பு ஒன்றுமில்லை. டைனோவில் முப்பது வந்தது. நான்கு குறைவு.

இதை யூசுஃப் பாயிடம் நேரில் சொல்லத்தான் அவர் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே முப்பத்திநான்கு கண்ணாடிக்குள் பளபளத்துக்கொண்டிருந்தது. என்ன காரணம் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். தாசின் கையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. கடைப்படி ஏறும்போதுதான் தெரிந்தது, தேடவே வேண்டாம், உண்மையே கையில் இருக்கிறது.

"பாய், அந்தக் கேமை நான் மீட்டருக்குப் போட்டேன். ஓட்டறவருக்குப் போடலை. அது என் தப்பு. தாசு மேல பழி போட்டதும் என் தப்பு. இப்ப அவருக்குப் போட்டிருக்கேன்."

பாய் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு எண்ணைக் கேட்டார். சொன்னேன்.

"நாலு குதிரைய எங்கக்கா வுட்டுட்டு வந்த?" என்றார்.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. கடைசியில், இந்த ஒரு ரேஸ் பார்க்கிறேன், பழைய கேமையும் கூடவே எடுத்துக்கொண்டு வா என்றார். சரி என்றேன்.

ரேஸ் அன்று காலை யூசுஃப் பாய் வந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டினோம், வந்தது நெருக்கடி. பழைய கேமோடு அந்த வண்டி நிற்கும்போதே தளம் அதிரக் குமுறும், பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். புதுக் கேமோடு அது அமைதியாக, சீராக ஓடியது. யூசுஃப் பாயின் முகம் வாடியது. இது தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது, பழைய கேமை மாட்டு என்றார். எங்கள் ரேஸுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. கோபாலும் நானும் உட்கார்ந்தால் மாற்றிவிடலாம். வண்டி அவருடையது, செலவு அவருடையது. பழைய கேம் டூல்பாக்ஸில் துணி சுற்றித் தயாராக இருந்தது.

என் தொண்டை வரைக்கும் கணக்கெல்லாம் வந்தது. வரைபடத்தை விரித்து அவருக்கு விளக்கியிருக்கலாம். ஆனால் அத்தாவின் வண்டி குமுற வேண்டும் என்று ஆசைப்படுகிற மனிதரிடம் கணக்கு எடுபடாது. முதல் தடவை நான் கேட்கத் தவறிய ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஓட்டப் போறவரைக் கேளுங்க பாய். அவர் மாத்தச் சொன்னா மாத்திடறேன்."

பாய் வருவதற்கு முன்பே தாஸ் பயிற்சிக்காக நான்கு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்திருந்தார். டேங்க் மேல் கை வைத்தார்.

"இத்தினி வருஷத்துல ஒரு வண்டி என் பேச்ச கேக்கறது இதான் மொத தபா பாய். மாத்த வேணாம்."

பாய் டூல்பாக்ஸைக் காலால் தள்ளி மேஜைக்கு அடியில் அனுப்பிவிட்டு, தடுப்புச் சுவர் பக்கம் போய் நின்றுகொண்டார்.

புறப்பாட்டிலேயே தாஸ் மூன்று இடம் இழந்தார். நேர்பாதையில் இன்னும் ஒருவர் தாண்டினார். பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன். வண்டிகள் வளைவுகளுக்குள் போய் மறைந்தன. மறுபடி வெளியே வந்தபோது இழந்த இடங்களில் இரண்டு திரும்பக் கிடைத்திருந்தன. மற்றவர்கள் கியரை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கும்போது தாஸ் மூன்றாம் கியரில் ஒரே இழுப்பாக வளைவைச் சுற்றி வந்தார். டீசல் எஞ்சின் மாதிரி அவசரமில்லாத இழுவை. நேர்பாதையில் அவரைத் தாண்டிப் போனவர்களை வளைவில் போய்ப் பிடித்துக்கொண்டார். நான்காவது ரவுண்டில் ஏழாவது. அங்கேதான் அவர் கை ஓயும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஓயவில்லை. ஆறாவதில் நான்காவது. கோபால் எப்போதும் எதற்கும் குரல் உயர்த்தாதவர், அன்று தடுப்பில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார். கடைசி ரவுண்டில், கடைசி வளைவுக்கு முன்னால், ஐந்நூறு சிசி வண்டி ஒன்றை உள்பக்கமாகத் தாண்டி தாஸ் இரண்டாவதாக வந்தார்.

யூசுஃப் பாய் அந்த உடம்போடு ஓடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தாஸ் வண்டியை நிறுத்தும் முன்பே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வண்டி சாயாமல் கோபால் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கொஞ்சம் அடங்கியதும் தாஸ் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் இடது கையுறையைக் கழற்றி, கையை பாயின் முன்னால் நீட்டி, நடந்ததைச் சொன்னார். பாய் அந்தக் கையை வாங்கி, கடையில் போல்ட் மறையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொதல்லயே சொல்லிருந்தீன்னா வேற ஆளத்தான் போட்டுருப்பேன்" என்றார். "பொய் சொல்ல மாட்டேன்."

தாஸ் தலையைக் குனிந்தார். பாய் அவர் கையை விடவில்லை. கிளட்ச் லிவரையும் அந்த இரண்டு விரல்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, ரெண்டு வெரல்தான்னா லிவரையே மாத்திக்கலாமே? கேபிள் மாட்ற எடத்த கொஞ்சம் தள்ளி வெச்சா பாதி பலம் போதும். நம்ம கடைலயே பண்ணிடலாம்."

கோபால் என்னைப் பார்த்தார். நான் கோபாலைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. கேம் போடுகிறவளுக்கு உலகத்தில் எல்லாக் கோளாறும் கேம் கோளாறாகத்தான் தெரியும். மூன்று வாரம் உட்கார்ந்து நான் கேமை மாற்றினேன். ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு நிமிஷத்தில் லிவரை மாற்றிவிட்டார்.

தாஸ் மெதுவாக, "எனக்கு ரெண்டு வருஷமா தெரியும் பாய்" என்றார். "லிவர மாத்துன்னு கேட்டா, ஏன்னு கேப்பீங்களே."

முதலில் சிரித்தது பாய்தான். பிறகு தாஸ். அப்புறம் நாங்கள் நான்கு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு நின்றோம். பக்கத்து அணிக்காரர்கள் என்ன ஆயிற்று என்று வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுவாரம் லிவர் வந்தது. கேமை மாற்ற வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று தாஸ் சொல்லிவிட்டார், அதனால் அடுத்த போட்டியில் இரண்டுமே இருந்தன. அதில் என்ன ஆயிற்று என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் பட்டறைக்கு வருவார். கேட்பதற்கு முன்னால் சாப்பாடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை.